தொகுதி இல்லாத ஊரிலிருந்து ஒரு ஃப்ளெக்ஸ்காரன்

ஃப்ளெக்ஸ் அடிக்கிற தொழிலில் எழுத்துப் பிழைக்கு மன்னிப்பு உண்டு. முகத்தின் அளவு பிழைத்துவிட்டால் மன்னிப்பே கிடையாது.

எங்கள் கடைக்குப் பகலில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று குடும்பஸ்தர்கள் வருவார்கள். இருட்டின பிறகு கட்சிக்காரர்கள் வருவார்கள். தலைவர் நாளைக் காலை வருகிறார் என்பது அவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் ஞாபகம் வரும். அதனால் எனக்கு நைட் ஷிஃப்ட். அடுத்தவர் வாழ்த்து வாங்குகிற முகத்தைப் பெரிதாக்கியும் வெளுப்பாக்கியும் விடியவிடிய உட்கார்ந்திருப்பேன். ஊர் தூங்கும்போது விழித்திருந்து ஊருக்காக வேலை பார்க்கிற நர்சு, வாட்ச்மேன், பாய்லர் ஆப்பரேட்டர் யாராவது இதைப் படித்தால், மேற்கொண்டு நான் விளக்க வேண்டாம். நாமெல்லாம் ஒரே ஜாதி.

நான் பேர்ணாம்பட்டுக்காரன். வேலை ஆம்பூரில். வெளியூர்க்காரர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஒரு காலத்தில் எங்கள் ஊர் பேரிலேயே சட்டமன்றத் தொகுதி இருந்தது. தொகுதிகளை மறுபடி வரைந்தபோது அந்தப் பேரை எடுத்துவிட்டு எங்களைக் குடியாத்தத்தோடு சேர்த்தார்கள். அதே வரைபடத்தில்தான் ஆம்பூர் என்று ஒரு தொகுதி முளைத்தது. எங்களிடம் பிடுங்கி அவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று சட்டப்படி சொல்ல முடியாது. ஆனால் நம் வீட்டு ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கே பக்கத்து வீட்டில் புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? பிரியாணி அவர்களுக்கு, ஹைவே அவர்களுக்கு, ரயிலும் அவர்களுக்கு. பேராவது எங்களிடம் இருந்தது. இப்போது ராத்திரிக்கு நாலு தடவை ‘ஆம்பூர் தொகுதி’ என்று அடிப்பதுதான் எனக்குப் பிழைப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி விமலா ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள். நான் வேலை முடித்து ஊருக்குத் திரும்புகிற நேரத்தில் அவள் ஊரிலிருந்து வேலைக்குக் கிளம்புவாள். ஆம்பூரில் ஐந்தே கால் பஸ்ஸைப் பிடித்தால் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன். அவளுடைய கம்பெனி வேன் ஆறரைக்குத் தெருமுனையில் நிற்கும். நடந்தது, முகம் கழுவினது போக இருபது நிமிடம் மிஞ்சும். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. சாயங்காலம் அவள் வருவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கடையில் ஆர்டர் ஜாஸ்தி. ஆக, எங்கள் குடித்தனம் என்பது அந்த இருபது நிமிடம்தான்.

இல்லாத தொகுதிக்கு எம்.எல்.ஏ.

டிசைன் வேலையில் உட்கார்ந்த புதிதில் ‘வருக வருக’ பேனர் ஒன்று வந்தது. பத்துக்கு எட்டு. கொண்டுவந்தவர் வட்டச் செயலாளர் தேவராஜ். கட்சி எது என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சியிலும் ஒரு தேவராஜ் உண்டு. வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு போன், இரண்டிலும் தன் படம். அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே போனேன். ‘தொகுதி சட்டமன்ற உறுப்பினர்’ என்ற இடம் வந்தபோது என் விரல் அதற்கு முன்னால் தானாக ‘பேர்ணாம்பட்டு’ என்று அடித்துவிட்டது. கை தவறினது என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். கை தவறவில்லை. கைக்கு ஞாபகம் ஜாஸ்தி.

தேவராஜ் ப்ரூஃபைப் பார்த்தார். அதாவது தன் முகத்தைப் பார்த்தார். ஓகே என்றார். மெஷின் ஓட்டுகிற சேகர் எழுத்தைப் படிக்கிற வழக்கமே இல்லாதவன், இங்க் சரியாக இறங்குகிறதா என்று மட்டும் பார்ப்பான். பேனர் சட்டத்தில் ஏறி, பைபாஸ் ஓரம் கட்டி நிறுத்தின பிறகுதான் டீ குடிக்க வந்த யாரோ வாய்விட்டுப் படித்திருக்கிறார். தேவராஜ் கடைக்கு ஓடி வந்தார். மேலே ஒட்டுவதற்கு ‘ஆம்பூர்’ என்று தனியாக ஒரு துண்டு அடித்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டே கேட்டார்: “இன்னா டிசைனரே, இல்லாத தொகுதிக்கு எங்காள எம்.எல்.ஏ. ஆக்கிட்ட, இருக்கிற தொகுதிய யாருக்குக் குடுத்த?”

சதுரடிக் கணக்கு

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர், சகலைகள், ஒரே கட்சியில் ஒரே மாதிரிப் பதவியில் இருந்தார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து எங்கள் தொழிலில் இல்லை. எம்.எல்.ஏ. படத்துக்குக் கீழே இருவர் படமும் பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டும், ஒரு நூல்கூட வித்தியாசம் கூடாது என்று இருவரும் தனித்தனியாகப் போன் போட்டுச் சொன்னார்கள். நானும் திரையில் கோடு போட்டு, உச்சந்தலை உச்சந்தலையோடும் தாடை தாடையோடும் ஒட்டி நிற்கிற மாதிரி வைத்தேன். இவ்வளவு நியாயமான பேனரை ஆம்பூரில் யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று எனக்கே ஒரு பெருமை.

ப்ரூஃப் பார்க்க இளையவர் வந்தார். அவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் செலக்‌ஷன் வேலை பார்க்கிறவர். வருகிற தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற கண். திரைக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். சகலைக்குக் கன்னம் உப்பின முகம், இவருக்குக் கத்தி மாதிரி ஒட்டின முகம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? தோலையும் சதுரடியில்தான் விற்கிறார்கள், ஃப்ளெக்ஸையும் சதுரடியில்தான் விற்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர் நிமிர்ந்து, நிதானமாகச் சொன்னார்: “ஒயரம் சமம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா ஏரியால அவன் எனக்குக் கால் சதுரடி ஜாஸ்தி வர்றான். தோல்னா விட்ருப்பேன், இது சகலை.”

இரண்டு பேர் வைத்திருக்கிற ஊர்

மகள் கல்யாணத்துக்குப் பேனர் அடிக்க ஒரு தோல் வியாபாரி வந்தார். சம்பந்தி வீடு ஆம்பூர், அவர் வீடு வேலூரிலிருந்து பாலாற்றுக்கு அந்தப் பக்கம், காட்பாடி. பெண் வீட்டார் ஊர் என்ன போடட்டும் என்றேன். வேலூர் என்றார். எம்.எல்.ஏ. படம் வேண்டுமா என்றேன். வேண்டும், காட்பாடி எம்.எல்.ஏ. படம் என்றார். எனக்குக் குழம்பிவிட்டது. மாநகராட்சி வேலூர், தொகுதி காட்பாடி, ரயில் ஸ்டேஷன் காட்பாடி, கல்யாண மண்டபம் வேலூர் என்று விரல் மடக்கி விளக்கினார்.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். உள்ளே புகைந்தது. ஒருத்தருக்கு ஒரே வீட்டு வாசலில் இரண்டு ஊர்ப் பேர். எங்களுக்கு இருந்த ஒன்றையும் காணோம். “ரெண்டுல ஒன்னு போதாதா சார்?” என்று வாயை விட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார்: “பத்திரிகைக்கு வேலூரு, பட்டாவுக்கு காட்பாடி, ரெண்டையும் நாங்கதான வெச்சிருக்கோம், உனக்கு ஏம்பா எரியுது?”

தொழிலாளர் நலன் கருதி

ஒரு சாயங்காலம் தேவராஜ் வந்தார். கையில் மேட்டர் எழுதின தாள், முகத்தில் கல்யாணக் களை. பன்னிரண்டுக்கு எட்டு, நல்ல பளபளப்பான மெட்டீரியல், ‘நன்றி! நன்றி! நன்றி!’ மூன்று தடவை. நான் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தேன். ‘தோல் தொழிலாளர் நலன் கருதி, காலை 5.15 மணி பேர்ணாம்பட்டு பேருந்தை 6.20 மணிக்கு மாற்றித் தர உதவிய...’ அங்கே என் கை நின்றுவிட்டது.

எனக்கு இப்படித்தான் தெரிய வேண்டியிருந்தது. என் பஸ் போனதற்கு நானே நன்றி அடிக்க வேண்டும். “அண்ணே, நான் போற பஸ்ஸுண்ணே இது” என்றேன். தேவராஜுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். பேர்ணாம்பட்டுத் தோல் ஷாப்புக்கு ஆம்பூரிலிருந்து போகிறவர்கள் நாற்பது பேர், ஏழரைக்கு வேலை, ஐந்தே கால் பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கு வெளியே குந்தியிருக்க வேண்டும். ஐந்தே கால் பஸ்ஸுக்கு நான், ஒரு பூக்காரம்மா, கண்டக்டர். இதில் எதை நான் மறுப்பேன்? நியாயம் முழுக்க அவர்கள் பக்கம் இருக்கும்போது வருகிற பொறாமைக்கு மருந்து கிடையாது. கோபப்படவாவது ஒரு காரணம் கிடைத்தால் அது கொஞ்சம் தணியும்.

அந்த ராத்திரி நான் செய்த டிசைனை இன்றைக்கும் பார்த்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும். பஸ் படம் ஒன்றை எடுத்து, அதன் கண்ணாடியில் சூரியன் உதிக்கிற மாதிரி ஒளி வைத்தேன். 6.20 என்ற எழுத்தைத் தங்கத்தில் இழைத்தேன். ஒரே ஒரு அற்பத்தனம் மட்டும் செய்தேன்: தேவராஜ் முகத்தை வழக்கத்தைவிட இரண்டு இஞ்ச் குறைத்தேன். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. காலையில் பேனரை விரித்துப் பார்த்து என் தோளைத் தட்டினார்: “உன் வேலையிலயே இதான்யா டாப்பு, உனக்கு வயிறு எரிஞ்சாதான் டிசைன் வரும்போல.”

பகல் யாருடையது

பகல் ஷிஃப்டுக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. பகலில் உட்காருவது நித்யா. டிசைனுக்கென்றே காலேஜில் படித்தவள். நான் எட்டாவதோடு நின்றவன். கடையில் துடைக்கிற வேலைக்கு வந்து, மற்றவர்கள் செய்து வைத்த ஃபைல்களைத் திறந்து, வெங்காயம் உரிக்கிற மாதிரி ஒவ்வொரு லேயராகக் கழற்றிக் கழற்றிக் கற்றுக்கொண்டவன். இப்போதும் அவள் போன பிறகு அவளுடைய ஃபைலைத் திறந்து பார்ப்பேன். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவளுக்கு யாரோ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ மேல்கூட எனக்குப் பொறாமை.

முதலாளி இக்பால் பாயிடம் போய் நின்றேன். ஒரு மாதம் மட்டும் பகல் கொடுங்கள் பாய், பஸ் மாறினால் வீட்டில் முகம் பார்க்க முடியாது என்றேன். பாய் நல்ல மனிதர். என்னை உட்கார வைத்தார், பாதாம் பால் வரவழைத்தார். அவர் பால் வரவழைத்தால் பதில் ‘இல்லை’ என்று அர்த்தம். நித்யாவுக்கு ஆறு மணிக்கு மேல் வீட்டில் விடமாட்டார்கள், அது எனக்கும் தெரியும். பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “பகல்ல வர்றவங்க மனுசங்க, அந்தப் பொண்ணு பாத்துக்கும், ராத்திரி வர்றதெல்லாம் வட்டம், ஒன்றியம், மாவட்டம். அவங்க மூஞ்சிய உன்னத் தவிர எவனாலயும் சமாளிக்க முடியாது தோஸ்த்.”

எந்தத் தொகுதி மனு

புது நேரம் வந்த முதல் நாள் என்ன ஆனது என்றால், நான் ஆறு இருபது பஸ்ஸில் ஊரைப் பார்த்துப் போனேன், விமலா ஆறரை வேனில் ஆம்பூரைப் பார்த்து வந்தாள். நடுவழியில் பஸ்ஸும் வேனும் ஒன்றையொன்று தாண்டின. வேன் ஜன்னலில் ஏழெட்டு தலைகள். எது அவள் என்று பார்ப்பதற்குள் போய்விட்டது. வீட்டுக்குப் போனால் டம்ளரில் டீ ஆறிக் கிடந்தது, மேலே தட்டு போட்டு மூடி. (பைக் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: இருந்தது. ராத்திரி விழித்த கண்ணோடு ஓட்டி ஒரு விடியலில் பாலத்துச் சுவரில் போய் மோதினேன். தையல் பிரிப்பதற்குள் விமலா வண்டியை விற்றுவிட்டாள்.)

ஐந்தே காலுக்கும் ஒரு பஸ் விடச் சொல்லி மனு எழுதினேன். டிசைன் மாதிரியே மனுவும் நானாகக் கற்றுக்கொண்டதுதான். தேவராஜிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, ஓட்டு எங்கே என்றார். பேர்ணாம்பட்டு என்றேன். அப்படியென்றால் நீ குடியாத்தம் தொகுதி, எங்கள் மனுவில் உன் கையெழுத்தை வைத்தால் அதுவே ஒரு கேள்வியாகிவிடும் என்றார். சரி என்று எங்கள் ஊரில் அவருக்குச் சமமான ஆளைப் போய்ப் பார்த்தேன். பேர் குமரேசன். அவரும் மரியாதையாகத்தான் பேசினார். பஸ் ராத்திரி எங்கே நிற்கிறது? ஆம்பூரில். காலையில் எங்கே கிளம்புகிறது? ஆம்பூரில். நீ எங்கே ஏறுகிறாய்? ஆம்பூரில். மனுவை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: “நீ ஓட்டு போடுறது எங்ககிட்ட, ராத்திரி முழிச்சிருக்கிறது அவங்ககிட்ட, அப்ப உன் தூக்கத்துக்கு மட்டும்தான் அண்ணே நாங்க பொறுப்பு.”

எல்லையில் நாலு நிமிடம்

பதினோரு நாள் அப்படியே போனது. பதினோரு ஆறின டீ. போனில் பேசலாமே என்றால், கம்பெனிக்குள் நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் வெளியே வரும் நேரத்தில் எனக்குக் கடையில் மூன்று பேர் தலைக்கு மேல் நிற்பார்கள். பன்னிரண்டாவது நாள் டீ டம்ளருக்குக் கீழே ஒரு சீட்டு. ‘நாளைக்கு எல்லை ஸ்டாப்பில் இறங்கவும்’ என்று எழுதியிருந்தாள். இரண்டு தொகுதிக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர் அது. பேரை எழுதினால் இரண்டு பக்கத்திலிருந்தும் சண்டைக்கு வருவார்கள். விமலாவின் வேன் அங்கே நாலு பெண்களை ஏற்ற நிற்கும். அதில் சாந்தி என்கிற பெண் தினமும் லேட். நான் தொகுதிகளின் வரைபடத்தையே முறைத்துக்கொண்டிருந்த பதினோரு நாளில், விமலா தன் வேன் எங்கே எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பார்த்து வைத்திருக்கிறாள்.

இறங்கினேன். அங்கே ஒரு நிழற்குடை, ஆம்பூர் தொகுதி மேம்பாட்டு நிதி என்று பெரிய எழுத்து. எழுத்துக்கு நடுவில் இடைவெளி மோசம். எனக்கு அதில் போய் உட்கார மனசில்லை, ஓரமாக வெயிலில் நின்றேன். வேன் வந்தது. விமலா ஃபிளாஸ்கோடு இறங்கி வந்தாள்.

“இன்னாத்துக்கு வெயில்ல நிக்கிற?”

“அது அவங்க தொகுதி பெஞ்சு.”

“உக்காரு மொதல்ல. பெஞ்சு உன் ஓட்டர் கார்டு கேக்கல.”

உட்கார்ந்தேன். ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள். சூடாக இருந்தது. பேசினது ஒன்றும் பெரிதில்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாயிற்றா, பெண் போன் பண்ணினாளா, கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது. நாலு நிமிடம். பிறகு அவள் வேனில் ஏறினாள். ஏழரைக்கு வரும் அடுத்த பஸ்ஸுக்கு நான் அங்கேயே காத்திருந்தேன். தூங்கப் போகிறவனுக்கு என்ன அவசரம்.

இப்போது அது தினசரி. வேனில் இருக்கிற பெண்கள் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் ஒன்று கவனித்தேன்: முன்பெல்லாம் இரண்டு நிமிடம் லேட்டாக வந்த சாந்தி, இப்போது தெருமுனை வரை வேகமாக வந்துவிட்டு, அங்கே நின்று, தலையில் பூவைச் சரி செய்துகொண்டு, நிதானமாக நடந்து வருகிறாள். போன வாரம் டிரைவர் பொறுக்க முடியாமல், “ஏம்மா, தெனம் உன்னால பேஜாரு, கேட்டை மூடிருவான்” என்று கத்தினார். சாந்தி படியில் ஒரு காலை வைத்தபடி எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னது எனக்கு அப்படியே காதில் விழுந்தது: “சும்மா இருண்ணே, எங்க வீட்டுக்காரரு நாள் பூரா வீட்லயேதான் கெடக்கறாரு, ஒரு நாளாச்சும் எனக்கோசரம் இப்டி ரோட்ல வந்து நின்னிருக்காரா? இவளப் பாத்தா எனக்கு அப்டியே வயிறு எரியுது.”

அடுத்தவரைப் பார்த்தே பாதி ஆயுளை எரித்தவனுக்கு, அடுத்தவர் பார்த்து எரிகிற மாதிரி கடைசியில் கிடைத்தது நாலே நிமிடம். அதையும் அந்த வேன் டிரைவர் மூன்றாகக் குறைக்கப் பார்க்கிறார்.